மருந்து போதும் என்றது மெட்ராஸ்

1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஒரு காசநோய் ஆய்வு, நோயாளிகளை சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பிவைத்தது. அந்த ஆய்வு கேட்காமல் விட்ட கேள்விக்கு விடை கிடைக்க 60 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

எழுத்தாளர் புதுமைப்பித்தன் இறந்தது 1948 ஜூன் 30-ம் தேதி. வயது 42. ‘ராஜமுக்தி’ படத்துக்கு வசனம் எழுதப் புனே போனவர் காசநோயோடு திரும்பி, திருவனந்தபுரத்தில் கண்ணை மூடினார். அதே ஆண்டு அக்டோபர் 30 தேதியிட்ட ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில், ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஊசி மருந்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியானது. மருத்துவ ஆராய்ச்சியின் வரலாற்றை யார் எழுதினாலும் இந்தக் கட்டுரையைத் தாண்டிப் போக முடியாது.

பிரிட்டனில் அப்போது ஸ்ட்ரெப்டோமைசின் கைவசம் கொஞ்சம்தான் இருந்தது. கேட்கிற எல்லோருக்கும் கொடுக்க வழியில்லை. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது? டாக்டர்களின் விருப்பத்துக்கு விட்டால், தேறிவிடுவார் என்று தோன்றுகிற நோயாளிக்கே மருந்து போய்ச் சேரும். அப்புறம் பிழைத்தது மருந்தாலா, இயல்பான உடல்வாகாலா என்று எவராலும் சொல்ல முடியாது. புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் அந்த முடிவை டாக்டர்களின் கையிலிருந்தே எடுத்துவிட்டார். சீட்டுக் குலுக்குவதுபோல எண்களை வரிசைப்படுத்தி, மூடிய உறைகளில் போட்டு அனுப்பினார். உறையைத் திறக்கும்வரை அடுத்த நோயாளிக்கு மருந்தா, வெறும் படுக்கை ஓய்வா என்று யாருக்கும் தெரியாது. 107 பேரில் 55 பேருக்கு ஊசி, 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாத முடிவில் முதல் குழுவில் இறந்தவர்கள் 4 பேர். இரண்டாவது குழுவில் 14 பேர்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஒற்றை மருந்துக்குக் கிருமி சீக்கிரமே பழகிக்கொண்டது. தேறியவர்கள் பலர் மறுபடி விழுந்தார்கள். பி.ஏ.எஸ். என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் அந்தப் பழக்கத்தைத் தடுக்கலாம் என்பது அடுத்து தெரிந்தது. 1952-ல் ஐசோனியாசிட் மாத்திரை வந்தது. விலை மலிவு, வாயால் விழுங்கலாம், வீரியமும் அதிகம். ஆக, ஐம்பதுகளின் நடுவில் காசநோய்க்கு மருந்து இருந்தது. அதை எங்கே வைத்துக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல்.

அதுவரை காசநோய் வைத்தியம் என்றாலே சானடோரியம்தான். ஊருக்கு வெளியே மரம் அடர்ந்த இடம், திறந்த ஜன்னல், முட்டை, பால், மாதக்கணக்கில் படுக்கை. கணித மேதை ராமானுஜனை இங்கிலாந்தில் சேர்த்த சானடோரியங்களில் ஒன்றை மெண்டிப் மலைப்பகுதியில் நடத்தியவர் டாக்டர் சவுரிமுத்து என்ற நம்மவர். அதே சவுரிமுத்துதான் 1928-ல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கினார். மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு இன்று அது ஒரு ஸ்டேஷன் பெயர். (ராமானுஜனுக்கு வந்தது காசநோயே அல்ல, கல்லீரலில் அமீபா தொற்று என்று பிற்காலத்தில் சிலர் வாதிட்டிருக்கிறார்கள். அது வேறு கதை.)

தாம்பரம், பெருந்துறை, மதனப்பள்ளி சானடோரியங்கள் எவ்வளவு நல்ல மருத்துவமனைகளாக இருந்தாலும் கணக்கு உதைத்தது. இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகள் ஆயிரக்கணக்கில்தான். எல்லோருக்கும் படுக்கை போட்டு முடிக்க எத்தனை ஐந்தாண்டுத் திட்டம் தேவைப்பட்டிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன? கேட்க எளிதான யோசனை. ஆனால் குடிசையில், அரை வயிற்றுச் சாப்பாட்டில், ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்துத் தூங்குகிற வீட்டில் மருந்து வேலை செய்யுமா? நோயாளியே பிழைத்தாலும் பக்கத்தில் படுக்கிற பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளாதா? பணக்கார நாடுகளின் டாக்டர்களிடம் இதற்குப் பதில் இல்லை. அவர்களுக்கு இது பிரச்சினையாகவே இருக்கவில்லை.

அதனால்தான் 1956-ல் மெட்ராஸில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் என்று நால்வர் கூட்டு. தலைமையேற்க வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ். ஐந்து வருடத்தில் வேலையை முடித்துக்கொண்டு கடையைக் கட்டுவதாகத்தான் திட்டம். தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் அது இன்றும் சேத்துப்பட்டில் இருக்கிறது.

முதல் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 193 பேர். எல்லோரும் நகரத்து ஏழைகள். சளியில் கிருமி உள்ளவர்கள். முன்பு வைத்தியம் பார்க்காதவர்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் சானடோரியத்துக்குப் போனார்கள், பாதிப் பேர் வீட்டிலேயே இருந்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிட், பி.ஏ.எஸ்., ஒரு வருடம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வு, காற்று, நேரத்துக்குச் சாப்பாடு, பக்கத்தில் நர்ஸ். வீட்டில் இருந்தவர்களுக்கு இதில் எதுவும் இல்லை. பலர் வேலைக்குப் போனார்கள். போகாவிட்டால் அடுப்பு எரியாது.

ஆய்வு என்றால் வெள்ளைக் கோட்டும் மைக்ராஸ்கோப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. இங்கே பாதி ஆய்வு தெருவில் நடந்தது. நோயாளி குறித்த நாளில் மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போக வேண்டும். பி.ஏ.எஸ். சாதாரண மாத்திரை அல்ல. தினமும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டிய மருந்து. வயிற்றைப் புரட்டும், பேதியாகும். இருமல் குறைந்து உடம்பு கொஞ்சம் தேறியதும் யாருக்கும் அதை விட்டுவிடத்தான் தோன்றும். எனவே சுகாதாரப் பணியாளர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போவார்கள். மிச்சம் இருக்கும் மருந்தை எண்ணுவார்கள். ஒரு சின்னக் குப்பியில் சிறுநீர் வாங்கி வருவார்கள். அதில் ஃபெரிக் குளோரைடு சொட்டு விட்டால், மருந்து உள்ளே போயிருந்தால் நிறம் மாறும்; போகாவிட்டால் மாறாது. நோயாளி சொன்னதை நம்பலாமா என்பதை இரண்டு சொட்டு ரசாயனம் சொல்லிவிடும். நோயாளி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்பதையே ஓர் ஆராய்ச்சிக் கேள்வியாக எடுத்துக்கொண்டு துருவிய இடங்களில் மெட்ராஸ் முதல் வரிசையில் வரும். உலக வரலாற்றில் இந்த மையத்துக்கு இருக்கும் பெருமைகளில் இதைத்தான் நான் மேலே வைப்பேன். நோயாளியைத் திட்டாமல், அவர் ஏன் விட்டுவிடுகிறார் என்று கேட்டவர்கள் இவர்கள்.

1959-ல் முடிவு வெளியானது. ஒரு வருடத்தில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். 193 பேரை வைத்துப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியதே. ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்தும் வீட்டுக்காரர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பிவிடவில்லை.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் குடும்பங்களில் காத்திருந்தது. நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களை எக்ஸ்ரேயும் தோல் பரிசோதனையுமாக வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்த்தவர்களின் குடும்பங்களில், சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிட அதிகம் பேருக்கு நோய் வரவில்லை. யோசித்தால் காரணம் புரியும். நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பு இருமிய மாதங்களில்தான் கிருமி பரவியிருக்கிறது. மருந்து தொடங்கிவிட்டால் பரவும் சக்தி வேகமாகக் குறைகிறது. நோயாளியைப் பிரித்துக் கொண்டுபோவது, திருட்டுப் போன பிறகு கதவைப் பூட்டுகிற வேலை.

விளைவு உலகம் முழுக்கத் தெரிந்தது. ஏழை நாடுகள் படுக்கைக்குக் காத்திராமல் மாத்திரையோடு புறப்பட்டன. பணக்கார நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அடுத்ததாக மெட்ராஸ்காரர்கள் தினமும் மருந்து தருவதற்குப் பதில் வாரம் இரண்டு நாள், பணியாளரின் கண் முன்னாலேயே கொடுத்துப் பார்த்தார்கள், அதுவும் பலித்தது. தொண்ணூறுகளில் ‘டாட்ஸ்’ என்ற பெயரில் உலக சுகாதார நிறுவனம் ஊர் ஊராகக் கொண்டுபோன முறைக்கு இது ஒரு முன்னோடி. ஆனால் சோதனைக் களத்தில் கவனமாக நடந்தது, கோடிக்கணக்கானோர் உள்ள நாட்டின் திட்டமாக மாறும்போது அதே கவனத்தோடு நடப்பதில்லை. இடைவெளி விட்டுத் தரும் முறையில் ஒரு நாள் தவறினாலும் இழப்பு பெரிது. மருந்துக்கு அடங்காத கிருமி பெருகுமோ என்ற பயம் வலுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2017-ல் இந்தியா தினசரி மருந்துக்குத் திரும்பியது.

தடுப்பூசி விஷயத்தில் இன்னும் பெரிய சோதனை நடந்தது, கசப்பான முடிவோடு. சுதந்திரத்துக்குப் பின் பி.சி.ஜி. ஊசியை நாடு முழுக்கப் போடத் தொடங்கினார்கள். கிண்டியில் அதற்கென்றே ஆய்வுக்கூடம் எழுந்தது. 1955-ல் ராஜாஜி இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். பலன் நிச்சயமில்லாத ஊசியை மொத்த ஜனத்துக்கும் போடலாமா என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. அவரை அரசும் டாக்டர்களும் பழமைவாதி என்று ஒதுக்கினார்கள். 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களிலும் ஊர்களிலும் சோதனை ஆரம்பமானது. சுமார் 2.8 லட்சம் பேருக்கு பி.சி.ஜி.யோ, மருந்தில்லாத ஊசியோ போடப்பட்டது. உலகின் மிகப் பெரிய தடுப்பூசிச் சோதனைகளில் ஒன்று. ஏழரை ஆண்டு முடிவு 1979-ல் வந்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டு முடிவும் அதையே சொன்னது.

ராஜாஜி ஜெயித்தார் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பச்சைக் குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சலையும் உடல் முழுக்கப் பரவும் காசநோயையும் இந்த ஊசி தடுக்கிறது. பிறந்ததும் போடுவது அதற்காகத்தான். ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது, அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே வழி செங்கல்பட்டில் செய்ததுதான். பிரிட்டனில் நன்றாக வேலை செய்த ஊசி இங்கே ஏன் தோற்றது? நம் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் வேறு வகைக் கிருமிகளிடம் நம் உடம்பு ஏற்கெனவே பழகியிருப்பதால் ஊசி புதிதாக எதையும் கற்றுத்தரவில்லை என்பது பலமான விளக்கம். இதில் இன்னும் கடைசி வார்த்தை சொல்லப்படவில்லை.

இனி, முதல் ஆய்வு கேட்காமல் விட்ட அந்தக் கேள்விக்கு வருவோம்.

சானடோரியத்தில் இருந்தவர்கள் வீட்டில் இருந்தவர்களைவிட நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் அதிகம் கூடியது. ஆனால் குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. சாப்பாட்டுக் கணக்கைத் தனியாகவே அலசிய மெட்ராஸ் ஆய்வாளர்கள், மருந்து ஒழுங்காகப் போனால் மோசமான சாப்பாடும் கிருமி அழிவதைத் தடுப்பதில்லை என்று எழுதினார்கள். அது உண்மை. சளியில் கிருமி போனதா என்ற கேள்விக்குச் சரியான பதில். பிரச்சினை, அது பயணம் செய்த விதத்தில். கட்டுரையிலிருந்து பாடப்புத்தகத்துக்கும், அங்கிருந்து அரசாங்கக் கோப்புக்கும் போகப் போக, “காசநோய்க்குச் சாப்பாடு ஒரு பொருட்டல்ல” என்று அது சுருங்கிவிட்டது. மருந்துக்குப் பட்ஜெட் போட்டார்கள். முட்டைக்கும் பருப்புக்கும் போடவில்லை. ஏழை நாட்டு நிதித்துறைக்கு இதைவிட இனிப்பான ஆராய்ச்சி முடிவு இருக்க முடியாது.

மருந்து கிருமியைக் கொல்கிறது. கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிற பல கோடிப் பேரில் யாருக்கு அது விழித்துக்கொள்ளும் என்பதை எதிர்ப்புச் சக்தி தீர்மானிக்கிறது; எதிர்ப்புச் சக்தியில் சோற்றுக்குப் பங்கு உண்டு. நோயாளியின் வீட்டிலேயே இருப்பவர்களுக்கு நல்ல சாப்பாடு கொடுத்தால் அவர்களுக்கு நோய் வராமல் தடுக்கலாமா? குடும்பத்தாரை எக்ஸ்ரேக்கு அழைத்த காலத்தில் யாரும் இதைச் சோதிக்கவில்லை.

சோதித்தவர்கள் டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா குழுவினர். களம் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்கள். சேத்துப்பட்டு நிறுவனமும் இதில் பங்கு பெற்றது. ஆய்வுக்குப் பெயரே ‘ரேஷன்ஸ்’. 2019 ஆகஸ்டில் தொடங்கி 2,800 நோயாளிகளையும் அவர்கள் வீட்டில் இருந்த 10,345 பேரையும் சேர்த்தார்கள். நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். நோயாளிக்கு உணவை மறுப்பது தகாது என்பதால் இரு தரப்பு நோயாளிகளுக்கும் மாதம் 10 கிலோ பை போனது. குலுக்கல், குடும்பத்தாருக்கு மட்டும். ஒரு தரப்பில் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை, ஆறு மாதத்துக்கு. இன்னொரு தரப்பினர் வழக்கம்போல என்ன சாப்பிடுவார்களோ அதுவே. நடுவில் கொரோனா வந்து ஊரடங்கு போட்டார்கள். அரிசி மூட்டை அதற்குள்ளும் போய்ச் சேர வேண்டியிருந்தது.

2023 ஆகஸ்டில் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. சாப்பாடு கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வந்தது 39 சதவீதம் குறைவு. சளிப் பரிசோதனையில் உறுதியாகும், மற்றவருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் 48 சதவீதம் குறைவு. புதுத் தடுப்பூசி ஒன்று இந்த அளவு சாதித்திருந்தால் டி.வி.யில் விவாதம் நடந்திருக்கும். அரிசியும் பருப்பும் என்பதால் உள்பக்கச் செய்தியோடு போய்விட்டது. நோயாளிகள் பக்கமும் ஒரு தகவல் கிடைத்தது: முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் ஏறியவர்களிடம் இறப்பு 61 சதவீதம் குறைவாக இருந்தது.

மெட்ராஸ் ஆய்வு பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. அது கேட்டது மருந்து வேலை செய்கிறதா என்று. இது கேட்டது நோய் வராமல் தடுக்க முடியுமா என்று. முதலாவது, இரு குழுக்களின் சராசரியைச் சொன்னது. அந்தச் சராசரிக்குக் கீழே, நிற்கக்கூட முடியாமல் வருகிற நோயாளிக்கு என்ன செய்வது என்பது அப்போது பிரித்துப் பார்க்கப்படவில்லை.

தமிழ்நாடு அதையும் இப்போது பிரித்துப் பார்க்கிறது. 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ இதற்குத்தான். நோய் உறுதியானதும் நர்ஸ் எடையும் உயரமும் பார்க்கிறார். மூச்சு எத்தனை, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, கால் வீங்கியிருக்கிறதா, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. பெரிய கருவி எதுவும் வேண்டாம். கூலி வேலைக்குப் போகிற ஒரு ஆள் நாற்காலியிலிருந்து எழும்போது மேசையைப் பிடிக்கிறாரா என்று பார்ப்பதுதான் அந்தக் கடைசிப் பரிசோதனை. பிடித்தால் அவரை வீட்டுக்கு அனுப்பாமல் வார்டில் சேர்க்கிறார்கள். காசநோயாளிகளின் சாவுகளில் பெரும்பங்கு சிகிச்சையின் ஆரம்ப வாரங்களிலேயே நடந்துவிடுகிறது. படுக்கை தேவையில்லை என்று உலகத்துக்குச் சொன்ன ஊர், யாருக்குத் தேவை என்று இப்போது அடையாளம் காண்கிறது. இரண்டும் ஆராய்ச்சியிலிருந்து வந்த முடிவுகள்தான்.

உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர். 2025-க்குள் ஒழிப்போம் என்று சொன்னார்கள். ஆண்டு வந்தது, நோய் போகவில்லை. நோயாளியின் வங்கிக் கணக்கில் ஊட்டச்சத்துக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் போட்டார்கள்; 2024 நவம்பரில் அது 1,000 ரூபாய் ஆனது. ஆனால் ஜார்க்கண்டில் பலன் தெரிந்தது குடும்பத்தாரிடம். அவர்களுக்கான உணவுப் பையை மத்திய அரசு தன்னார்வலர்களிடம் விட்டிருக்கிறது: யாராவது மனமுவந்து தத்தெடுத்தால் உண்டு. நோய்த் தடுப்பு நன்கொடையை நம்பியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊசியை இப்படி நன்கொடையாளரிடம் விடுவோமா?

ஜார்க்கண்ட் வீடுகளிலும் ரேஷன் அரிசி உண்டு. அதற்கு மேலே போனதுதான் ஆய்வின் பை. நோயைத் தடுத்தது அரிசியா, பருப்பா, மாத்திரையா என்று அந்த ஆய்வு பிரிக்கவில்லை, மூன்றையும் சேர்த்தே கொடுத்தது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி இலவசம். துவரம்பருப்பு கார்டுக்கு ஒரு கிலோ, 30 ரூபாய். நோயாளி நீங்கலாக நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆய்வின் கணக்குப்படி மாதம் ஆறு கிலோ பருப்பு. காசநோய் கண்ட வீடுகளுக்கு மட்டும், ஆறு மாதம், மீதி ஐந்து கிலோவை அதே கடையில் கொடுத்துப் பார்க்கலாம். பாதி வட்டங்களில் இந்த வருடம், மீதி வட்டங்களில் அடுத்த வருடம், எது முதலில் என்பதற்குக் குலுக்கல். நோயாளிகளின் பட்டியல் சுகாதாரத் துறையிடம் இருக்கிறது, கார்டு எண் உணவுத் துறையிடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் சேத்துப்பட்டில் இருக்கிறார்கள்.